ஒண்ணுமில்ல, காண்டாக்ட்தான்!

இந்த இனத்தாரை நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. எங்கேயாவது ஒரு மிஷின் நின்றுபோனால் போதும், கரண்ட் போன மறுநொடி கொசு வருகிற மாதிரி வந்து நிற்பார்கள். மிக்சியோ, மோட்டார் ஸ்டார்ட்டரோ, டிவி ரிமோட்டோ, ரேஷன் கடையில் விரல் வைக்கிற பெட்டியோ, எதுவாக இருந்தாலும் சரி. இடுப்பில் கை வைத்து, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, கண்ணை இடுக்கிப் பார்த்து, ஒரு தடவை தட்டி, ஒரு தடவை ஊதி, "ஒண்ணுமில்ல, காண்டாக்ட்தான்" என்பார்கள், எங்கேயோ இணைப்பு சரியாகத் தொடவில்லை என்கிற அர்த்தத்தில். அவ்வளவுதான். நோய் தெரிந்துவிட்டது. இனி மிஷின் பிழைப்பதும் பிழைக்காததும் அதன் தலையெழுத்து.

கெட்டவர்களா? சத்தியமாக இல்லை. கூப்பிட்டால் தட்டில் போட்ட சோற்றை மூடி வைத்துவிட்டு ஓடி வருவார்கள். காப்பிகூடக் கேட்கமாட்டார்கள், கொடுத்தால் வேண்டாமென்றும் சொல்லமாட்டார்கள். அவர்களிடம் ஒரே ஒரு குறைதான். தமிழில் உள்ள சொல்லெல்லாம் அவர்கள் வாயில் வரும். ஒரு சொல் மட்டும் வராது.

'தெரியாது.'

இந்த இனத்தில் நல்ல வளர்த்தியான மாதிரி ஒன்று பார்க்க வேண்டுமென்றால் பனவடலிசத்திரம் சிவனாண்டி மகன் பாண்டிராஜைப் பாருங்கள். பாண்டிராஜ், பி.எஸ்ஸி., கம்ப்யூட்டர் சயின்ஸ். பட்டத்தைச் சொல்லாமல் பெயரை மட்டும் சொன்னால் எந்தப் பாண்டிராஜ் என்று கேட்பார்கள். தெருவில் பாண்டிராஜ் மூன்று, பட்டம் ஒன்று. கறுப்பு அங்கியும் சதுரத் தொப்பியுமாக அவன் நிற்கிற படம் வீட்டுக்குள் நுழைந்ததும் கண்ணில் படுகிற மாதிரி, சாமி படங்களுக்கு ஒரு சாண் கீழே மாட்டியிருக்கிறது. ஒரு காதுகுத்து ஃபிளெக்ஸில் பட்டத்தை விட்டுவிட்டு வெறும் 'பாண்டிராஜ்' என்று அச்சடித்துவிட்டார்கள். ஆடு மேய்க்கிற சிவனாண்டி, கையெழுத்துப் போடத் தெரியாத சிவனாண்டி, பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் மார்க்கர் பேனாவைக் கொடுத்து ஏணி பிடித்துக்கொண்டு நின்று எழுத வைத்தார்.

அப்படிப்பட்ட மகனை ஊர் சும்மா விடுமா? 'கம்ப்யூட்டருக்குப் படிச்ச பய' என்றாலே ஸ்விட்ச் உள்ள பொருளெல்லாம் அவன் பொறுப்பு என்றாகிவிட்டது. போன வருஷம் கிணற்றில் விழுந்த ஒரு போனை அரிசிக்குள் புதைத்து வைக்கச் சொன்னான். போன் பிழைக்கவில்லை. அரிசியை மறுநாள் வடித்துச் சாப்பிட்டார்கள். ஆனாலும் பாண்டிராஜ் பேரில் யாரும் குறை சொல்லவில்லை. போனுக்கு ஆயுசு அவ்வளவுதான் என்று விட்டுவிட்டார்கள். எந்த டாக்டருக்குக் கிடைக்கும் இப்படிப்பட்ட ஊர்?

சரி, தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டால்தான் என்ன? சொல்லலாம். ஆனால் அது அவன் வீட்டில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன சொல். தாலுகா ஆபீசில் "எனக்குத் தெரியாது சாமி", பாங்கில் "எழுதத் தெரியாதய்யா", ஆஸ்பத்திரியில் "எந்தப் பக்கம் போகணும்னு தெரியலம்மா" என்று சிவனாண்டி சொன்ன 'தெரியாது'களை வரிசையாக அடுக்கினால் திருவேங்கடம் ஊர் வரைக்கும் போகும். மகன் பட்டம் வாங்கிய அன்றைக்கே அந்தச் சொல்லுக்கு வீட்டில் தலைமுழுகிவிட்டார்கள். இப்போது போய் அதைத் திரும்பக் கூட்டிவருவதா? அதுவும் ஒரு கம்ப்யூட்டருக்காகவா?

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருவோம். ஆயுத பூஜை முடிந்து நாலாம் நாள், மத்தியானம் மூன்று மணி. சங்கரன்கோவில் தெற்கு ரத வீதியிலிருந்து பிரிகிற சந்தில் வீடியோ ஸ்டுடியோ வைத்திருக்கிற பொன்செல்வியிடமிருந்து போன். பாண்டிராஜுக்கு அவள் பெரியப்பா மகள். கல்யாணம், சடங்கு, புதுமனை என்று கேமராவைத் தூக்கிக்கொண்டு தனியாளாக அலைந்து கடையை நிமிர்த்தியவள்.

"ஏலே பாண்டி, ஹார்ட் டிஸ்க்க மாட்டுனா கம்ப்யூட்டர் எடுக்க மாட்டேங்குது. ஒடனே வா."

"பதறாதக்கா. ஒண்ணுமில்ல, காண்டாக்ட்தான். வாரேன்."

கவனித்தீர்களா? இன்னும் பொருளைப் பார்க்கவில்லை. போனிலேயே நோய் தெரிந்துவிட்டது.

கடைக்குள் நுழைந்தபோது பூஜை இன்னும் கலையாமல் இருந்தது. மானிட்டர் தலையில் வாடிய கதம்பம். சி.பி.யூ., பிரிண்டர், கேமரா, யு.பி.எஸ். எல்லாவற்றுக்கும் சந்தனம், அதன்மேல் குங்குமம். கீபோர்டில் என்டர் பட்டன் நெற்றி நிறையப் பொட்டோடு மங்களகரமாக இருந்தது. இதெல்லாம் யார் வைத்த பொட்டு என்கிறீர்கள்? பாண்டிராஜ் வைத்ததுதான். வருஷா வருஷம் பூஜையன்று பொன்செல்வி அவனைக் கூப்பிட்டுச் சந்தனக் கிண்ணத்தைக் கையில் கொடுத்து, "படிச்ச கை, நீயே வை" என்பாள். அவனும் சட்டைக் கையை மடித்துவிட்டு, மோதிர விரலால் குழைத்து, தாராளமாக வைப்பான். வைத்த பொட்டை யாரும் துடைக்கமாட்டார்கள். அதுவாகக் காய்ந்து உதிர வேண்டும். துடைத்தால் தொழிலைத் துடைத்த மாதிரி.

பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் ஒரு பையும் காலடியில் பெரிய பெட்டியுமாக ஒருவன் உட்கார்ந்திருந்தான். திருவேங்கடத்துச் சுடலைமணி. மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக். ஆவணிக் கடைசி முகூர்த்தத்தில் கல்யாணம். லீவு முடிந்துவிட்டது. ஐந்து மணிக்குத் தென்காசி பஸ், அங்கிருந்து திருவனந்தபுரம், விடிவதற்குள் விமானம். திரும்பி வர இரண்டு வருஷம். கல்யாண வீடியோவைக் கையோடு கொண்டுபோக வந்திருக்கிறான். பொன்செல்வி சொன்ன வாக்கு தவறவில்லை. பூஜைக்கு முதல்நாளே வெட்டி ஒட்டி, பாட்டுச் சேர்த்து முடித்துவிட்டாள். கம்ப்யூட்டரில் இடமில்லாததால் எல்லாவற்றையும் அந்தக் கறுப்பு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி வைத்தாள். உள்ளங்கை அகலப் பெட்டி. ஒரு கேபிளால் கம்ப்யூட்டரோடு சேர்த்தால் உள்ளே உள்ள கல்யாணம் திரையில் வரும். வர வேண்டும். கேமராவின் மெமரி கார்டை அழித்து அடுத்த சடங்கு வீட்டுக்கும் போய்வந்தாயிற்று. ஆக, உலகத்திலேயே அந்தக் கல்யாணம் அந்தப் பெட்டிக்குள் மட்டும்தான் இருந்தது.

"சார், வந்திருமா சார்?" என்றான் சுடலைமணி. "தாலி கட்டையில எனக்குக் கையெல்லாம் நடுங்கிப்போச்சு. குனிஞ்சு முடிச்சையே பாத்துக்கிட்டு இருந்துட்டேன். அவ மொகத்தப் பாக்கவே இல்ல. அது ஒண்ணு மட்டுமாவது பாக்கணும் சார்."

சார் என்றதும் பாண்டிராஜ் சட்டைக் கையை மடித்தான்.

இப்போது சிகிச்சை ஆரம்பம். இந்த இனத்தாருக்கு இதில் ஒரு முறை உண்டு. அதை மாற்றவே மாட்டார்கள். முதலில் குற்றவாளியைக் கண்டுபிடிக்க வேண்டும்.

"நீ எதையாவது நோண்டுனியாக்கா?"

"நான் எதலே நோண்டுனேன்? பூஜைக்கு முந்துன நாள் நல்லா ஓடுச்சு. பூஜை முடிஞ்சு எடுத்து மாட்டுதேன், செத்துக் கெடக்கு."

கவனியுங்கள். பூஜைக்கு முன்னால் ஓடியது, பூஜைக்குப் பின்னால் ஓடவில்லை. ஒரு சாதாரண மனிதன் இங்கே ஒரு நிமிஷம் யோசிப்பான். பாண்டிராஜ் படித்தவன். யோசிக்கவில்லை, ரீஸ்டார்ட் செய்தான்.

கம்ப்யூட்டர் அணைந்து, கொட்டாவி விட்டு எழுந்தது. ஹார்ட் டிஸ்க் வரவில்லை. பின்பக்கத் துளையில் மாட்டினான், முன்பக்கத் துளையில் மாட்டினான், மவுஸைப் பிடுங்கிவிட்டு அந்தத் துளையில் மாட்டினான், பிறகு மவுஸ் இல்லாமல் என்ன செய்வதென்று அதைப் பிடுங்கி மவுஸை மாட்டினான். பெட்டியைக் காதருகே வைத்துக் கேட்டான். ஊதினான். அதுவும் எப்படி? பெட்டியின் விளிம்பில் கேபிள் போகிற துளைக்குப் பக்கத்தில் இருந்த பூஜைப் பொட்டு கலைந்துவிடாமல், பச்சைப் பிள்ளைக்குக் கண்ணில் ஊதுகிற பக்குவத்தில் ஊதினான்.

"லைட்டு எரியலியே" என்றான் கவலையோடு. "உயிர் இருந்தா லைட்டு எரியணும்."

"உயிர் இருக்கா இல்லியாலே?"

"பொறுக்கா. பாக்குதேன்லா?"

பார்த்தது என்ன? திரையில் ரைட் கிளிக் செய்து 'ரிஃப்ரெஷ்' அழுத்தினான். ஒரு தடவை இல்லை, இருபது தடவை. இதனால் என்ன பயன் என்று கேட்காதீர்கள். மாத்திரை கொடுக்கும் முன் நாடி பிடிப்பதில்லையா, அதுபோல. அப்புறம் 'டிவைஸ் மேனேஜர்' என்று ஒன்றைத் திறந்தான். நீளமாக ஒரு பட்டியல் வந்தது. எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற டாக்டர்போல அதை மேலிருந்து கீழாகப் பார்த்து, "ம்ம்ம்" என்று இழுத்து, மூடினான். அந்த "ம்ம்ம்"மில் சுடலைமணிக்கு உயிர் பாதி போய்விட்டது.

அடுத்து, வெளியூர் நிபுணர். இந்த இனத்தில் ஒவ்வொருவருக்கும் பெங்களூரில் ஒரு நண்பன் உண்டு. பாண்டிராஜுக்குத் தங்கப்பழம் என்று ஒருவன், கூடப் படித்தவன். வாசலுக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு பேசினான்.

"ஏலே தங்கம், ஒரு ஹார்ட் டிஸ்க்கு ரெகக்னைஸ் ஆவல."

"ரீஸ்டார்ட் பண்ணுனியாலே?"

"பண்ணிட்டேன்."

"இன்னொருக்க பண்ணிப் பாரு. இல்லன்னா ஃபார்மட்தான்."

உள்ளே திரும்பிய பாண்டிராஜ், "பெங்களூர்ல டாப் கம்பெனியில இருக்கவன்ட்ட கேட்டேன். நான் நெனைச்சதத்தான் அவனும் சொல்லுதான்" என்றான்.

மணி நாலேகால். பொன்செல்வி மேஜை டிராயரை இழுத்துக் கோமதியம்மன் கோயில் புற்றுமண் பொட்டலத்தை எடுத்தாள். "கொஞ்சமா அதும்மேல தடவுதேன்லே. ஆத்தா கண்ணு தொறக்கட்டும்."

பாண்டிராஜ் சிரித்தான். "யக்கா, இது சயின்ஸ். மிஷினு மேல மண்ணப் பூசுனா வெளங்குமா?"

இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

அறிவியலின் மேல் அப்படிப்பட்ட மரியாதையோடு அவன் கம்ப்யூட்டரில் உள்ள டிரைவ்களின் பட்டியலை வரவழைத்தான். சி என்று ஒன்று இருந்தது. டி என்று ஒன்று இருந்தது. ஹார்ட் டிஸ்க்கைத் தேடிப் போனவனுக்கு டி கிடைத்ததில் ஒரு சந்தோஷம். "இந்தா இங்கன இருக்கு பாத்தியா! ஒளிஞ்சுக்கிட்டு இருந்திருக்கு. ஒரு ஃபார்மட் போட்டா முழிச்சிரும்" என்று சொல்லிக்கொண்டே அம்புக்குறியைக் கொண்டுபோனான். திரையில் ஒரு எச்சரிக்கை வந்தது. உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துபோகும், சரியா என்று இங்கிலீஷில் கேட்டது. அவன் விரல், நெற்றியில் பொட்டு வைத்த அந்த என்டர் பட்டன்மேல் இறங்கியது.

பொன்செல்வி எட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். தென்னை மரத்தில் ஏறுகிறவன் மட்டையைப் பிடிக்கிற பிடி.

"எடு கைய. அது என் கம்ப்யூட்டர் டி டிரைவுலே! அதுக்குள்ள நாப்பது வீட்டுக் கல்யாணம் இருக்கு!"

சுடலைமணி எழுந்து நின்றுவிட்டான். தன் ஒரு கல்யாணத்தைத் தேடிவந்த இடத்தில் இன்னும் நாற்பது கல்யாணம் போகப் பார்த்ததை அவனும் புரிந்துகொண்டான்.

"பாண்டி, என் மொகத்தப் பாரு." பொன்செல்வி இப்போது சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "இந்தப் புள்ள ரெண்டு வருசம் கழிச்சுத்தான் வரும். எதுன்னாலும் நான் தாங்கிக்கிடுதேன். ஒனக்கு இது தெரியுமா, தெரியாதா? ஒண்ணு சொல்லு."

பாண்டிராஜ் வாயைத் திறந்தான். நெஞ்சுக்குள் எங்கேயோ அடியில், அப்பாவின் குரலில், அந்தப் பழைய சொல் கிடந்தது. அதைப் பிடித்து மெல்ல இழுத்தான். தொண்டைவரைக்கும் வந்துவிட்டது. உதடு பிரிந்தது.

"தெ..."

"அக்கா, கேபிள் கேட்டியளாமே?" என்று வாசலில் குரல் கேட்டது.

அடுத்த கடை ஃபாரூக். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, பன்னிரண்டு வருஷமாகச் செல்போன் பிரித்துச் சேர்க்கிறவன். எதற்கும் இருக்கட்டும் என்று புது கேபிள் ஒன்றுக்குப் பொன்செல்வி சொல்லிவிட்டிருந்தாள். பாண்டிராஜுக்கு அவனைக் கண்டால் ஒரு சின்ன அலட்சியம் உண்டு; திட்டமாட்டான், "அவன் செல்லு பாக்குதவன், இது கம்ப்யூட்டர்லா" என்று மட்டும் சொல்வான். இன்றைக்கு அதுகூடச் சொல்லவில்லை. பாதியில் நின்றுபோன 'தெ'யை அவசரமாக விழுங்கிவிட்டு, "தெ... தெரிஞ்சதுதான், கேபிள மாத்தணும்" என்று முடித்தான்.

ஃபாரூக் பழைய கேபிளைக் கழற்றிவிட்டு, புதியதை ஹார்ட் டிஸ்க்கின் துளையில் வைத்து அழுத்தினான். நின்றான். எடுத்தான். மறுபடி வைத்தான்.

"முழுசா உள்ள போவலியே அக்கா. பாதியில முட்டுது."

பையிலிருந்து ஒற்றைக் கண்ணாடியை எடுத்துக் கண்ணில் இடுக்கி, செல்போன் வெளிச்சத்தைத் துளைக்குள் அடித்துப் பார்த்தான். பார்த்துவிட்டுக் கண்ணாடியைச் சட்டையில் துடைத்தான். மறுபடி பார்த்தான்.

"என்னப்பா?" என்றாள் பொன்செல்வி.

"இல்லக்கா... இந்தப் பொட்டு..."

"பூஜைக்கு வச்சது."

"அது தெரியுது. வெளிய கொஞ்சம்தான் இருக்கு. உள்ளதான் நெறைய இருக்கு. வைக்கும்போது எளக்கமா இருந்திருக்கும், ஓட்டைக்குள்ள எறங்கிக் காஞ்சு கெட்டியாயிட்டு."

மூன்று பேரும் பெட்டியைப் பார்த்தார்கள். இவ்வளவு நேரமும் எல்லார் கண்ணுக்கும் முன்னால் இருந்த பொட்டு. சாமி பொட்டாயிற்றே, அதைப்போய் யார் சந்தேகப்படுவார்கள்?

ஃபாரூக் ஒரு பழைய டூத் பிரஷ்ஷையும் மெல்லிய ஊசியையும் எடுத்துப் பொன்செல்வியிடம் நீட்டினான். "நான் தொடைச்சா நல்லா இருக்காதுக்கா. சாமி காரியம். நீங்களே எடுத்துருங்க. எப்பிடின்னு சொல்லுதேன்."

பொன்செல்விக்கும் கை வரவில்லை. நாலாம் நாளே பொட்டை அழிப்பதா? சுடலைமணிதான் சொன்னான்: "யக்கா, பொட்டு அழிஞ்சா திரும்ப வச்சிக்கிடலாம். என் கல்யாணத்தத் திரும்ப வைக்க முடியுமாக்கா?"

அவள் கோபுரம் இருக்கிற திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். "கோமதித் தாயே, கோவிச்சுக்கிடாத." பிறகு ஃபாரூக் சொல்லச் சொல்ல, பெட்டியைக் கவிழ்த்துப் பிடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு சுரண்டினாள். வெள்ளைத்தாளில் சந்தனம் பொடிப்பொடியாக விழுந்தது. கடைசியில் உளுந்தம்பருப்பு அளவில் ஒரு கட்டி. கமகமவென்று மணந்தது.

பாண்டிராஜ் அந்தக் கட்டியையே பார்த்துக்கொண்டு நின்றான். பூஜையன்று நடந்தது முழுக்க நினைவுக்கு வந்தது. மானிட்டருக்கு நெற்றி எது என்பதில் சந்தேகமில்லை. கேமராவுக்கும் இல்லை. ஆனால் இந்தக் கறுப்புப் பெட்டிக்கு எது முகம், எது முதுகு? எல்லாப் பக்கமும் ஒன்றுபோல இருந்தது. அப்போது அவன் படிப்பு கை கொடுத்தது. லைட் எங்கே எரிகிறதோ அதுதான் கண். கண்ணுக்கு மேலே நெற்றி. அந்த ஆராய்ச்சியின்படி லைட்டுக்கும் துளைக்கும் நடுவில், மோதிர விரல் நிறைய எடுத்து, இரண்டையும் தொடுகிற மாதிரி நிறைவாக வைத்தான். பக்கத்தில் நின்ற பொன்செல்விகூட, "படிச்சவன் படிச்சவன்தான்" என்றாளே!

கேபிள் 'டக்'கென்று உள்ளே போய் உட்கார்ந்தது. கழுவின முகம்போல இருந்த விளிம்பில் நீல லைட் எரிந்தது. கம்ப்யூட்டர் 'டிங்' என்றது.

திரையில் வரிசையாகக் கல்யாணங்கள். சுடலைமணி கல்யாணத்தைத் திறந்து, தாலி கட்டுகிற இடத்துக்கு ஓட்டினாள் பொன்செல்வி. கெட்டிமேளம். சுடலைமணி குனிந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, கிணற்றடியில் வாளிக்குக் கயிறு கட்டுகிறவன் மாதிரி முடிச்சோடு போராடிக்கொண்டிருந்தான். மணப்பெண் ராஜகுமாரி அழுகிறாளா, கும்பிடுகிறாளா? இரண்டும் இல்லை. நடுங்குகிற அந்தக் கையைக் கடைக்கண்ணால் பார்த்து, உதட்டை மடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். மூன்றாம் முடிச்சில் அடக்க முடியாமல் தோள் குலுங்கியது.

"சிரிச்சிருக்கா பாருங்களேன்!" என்றான் சுடலைமணி. அவனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தான். "இத்தன நாளும் ஒரு வார்த்த சொன்னாளா? இருக்கட்டும், பஸ்ல ஏறுனதும் போனப் போட்டுக் கேக்கேன்."

நாலு ஐம்பதுக்கு வீடியோ பென் டிரைவில் ஏறி முடிந்தது. ஃபாரூக் சுடலைமணியின் பெரிய பெட்டியைத் தூக்கித் தன் வண்டியின் முன்னால் வைத்தான். ஏறி உட்காரும் முன் சுடலைமணி திரும்பி வந்து பாண்டிராஜின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

"சார், போன்லயே சொல்லிட்டீங்களாமே சார், காண்டாக்ட்தான்னு! நல்லா இருக்கணும் சார் நீங்க."

வண்டி புறப்பட்டது. பாண்டிராஜ் மடித்த சட்டைக் கையை மெல்லக் கீழே இறக்கிவிட்டான். பொன்செல்வி சந்தனக் கட்டியைத் தாளோடு மடித்து அவன் பையில் வைத்தாள்.

"என்னக்கா இது?"

"பிரசாதம். மிஷினு மேல மண்ணப் பூசுனா வெளங்காதுன்னு சொன்னியே, சந்தனத்தப் பூசுனா என்னாவும்னு தெரிஞ்சிக்கிட்டோம்லா. ஒன் பட்டம் வாங்குன படத்துக்குக் கீழ வச்சிக்க."

"நான் மொதல்லயே காண்டாக்ட்தான்னு..."

"ஆமாலே. நீயே அடைச்ச, நீயே கண்டுபிடிச்ச. அடுத்த பூஜைக்கும் வா. கதவுக்கு மட்டும் பொட்டு வை."

திருந்தியிருப்பான் என்று நினைக்கிறீர்களா? மறுநாள் காலையிலேயே சேதி பனவடலிசத்திரத்துக்குப் போய்விட்டது. பெங்களூர்க்காரனே கைவிட்ட மிஷினை நம்ம பாண்டிராஜ் காண்டாக்ட் என்று சொல்லியே எழுப்பிவிட்டான் என்று டீக்கடையில் பேச்சு. சிவனாண்டிக்கு அன்றைக்கு ஆடுகளைத் திறந்துவிடவே தாமதமாகிவிட்டது. அத்தனை பேருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. வாசலில் ஒரு கிரைண்டரும் இரண்டு போனும் வந்து காத்திருந்தன. கிரைண்டரைப் பார்த்தபோது பாண்டிராஜின் தொண்டையில் அந்தத் 'தெ' ஒருமுறை உறுத்தத்தான் செய்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்தான். இடுப்பில் கை வைத்தான். தலை ஒரு பக்கமாகத் தானாகச் சாய்ந்தது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது, சிரியுங்கள். ஆனால் நாளைக்கே யாராவது ஒருவர் நின்றுபோன எதையாவது உங்கள் கையில் கொடுத்து, "ஒங்களுக்குத் தெரியாததா?" என்று கேட்பார். அப்போது உங்கள் தலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். சாய்ந்தால், வாயைத் திறப்பதற்கு முன்னால் உங்கள் மோதிர விரலை எடுத்து ஒருமுறை முகர்ந்து பாருங்கள். சந்தனம் மணந்தாலும் மணக்கும்.